யாரைக் காப்பாற்றுகிறது அரசு?

2020 நவம்பர் 17 மாலை, கரூரில் தொடங்கி 94 ஆண்டுகள் நடந்த லட்சுமி விலாஸ் வங்கியின் கதவு பாதி சாத்தப்பட்டது. ரிசர்வ் வங்கி கேட்டுக்கொண்டபடி மத்திய அரசு தடையாணை போட்டது. கணக்கு வைத்திருந்தவர்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. ஒரு மாதத்துக்கு என்று சொன்ன தடை பத்தே நாளில் விலகியது. நவம்பர் 27 அன்று அந்த வங்கி, சிங்கப்பூர் டிபிஎஸ் வங்கியின் இந்திய நிறுவனத்தோடு இணைந்துபோனது. டிபிஎஸ் 2,500 கோடி ரூபாய் மூலதனம் கொண்டுவந்தது. சுமார் 20,000 கோடி ரூபாய் டெபாசிட்டில் ஒரு பைசா குறையவில்லை. ஊழியர்கள் வேலையில் தொடர்ந்தார்கள். பங்குதாரர்களுக்கு எதுவும் மிஞ்சவில்லை. பங்கு மூலதனம் முழுவதும் கணக்கிலிருந்து அழிக்கப்பட்டது. 318 கோடி ரூபாய்க் கடன் பத்திரங்களும் அதோடு போயின.

அரசு அந்த வங்கியைக் காப்பாற்றியதா, கைவிட்டதா? டெபாசிட் போட்டவரைக் கேட்டால் காப்பாற்றியது என்பார். தாத்தா காலத்துப் பங்குப் பத்திரத்தை வைத்திருந்த கரூர்க் குடும்பத்தைக் கேட்டால் வேறு பதில் வரும். இரண்டும் சரிதான். நொடிந்த தொழிலை அரசு தூக்கி நிறுத்தலாமா என்ற பழைய விவாதம் எங்கும் போய்ச் சேராமல் சுற்றிக்கொண்டிருக்க ஒரு காரணம், 'நிறுவனம்' என்ற ஒன்றை ஒற்றை ஆள்போலப் பாவித்துப் பேசுவதுதான். ஒரு நிறுவனத்துக்குள் முதலாளி இருக்கிறார், தொழிலாளி இருக்கிறார், கடன் கொடுத்தவர் இருக்கிறார், சரக்கு வாங்குபவரும் கொடுப்பவரும் இருக்கிறார்கள். இயந்திரமும் நிலமும் பெயர்ப் பலகையும் இருக்கின்றன. அரசு கை நீட்டும்போது இவர்களில் யாருடைய கையைப் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தே அது நியாயமா, வீணா என்று சொல்ல முடியும். இந்தியா இதை வங்கிகளின் விஷயத்தில் ஓரளவு கற்றுக்கொண்டது. ஆலைகளின் விஷயத்தில் ஐம்பது ஆண்டுகளாகியும் கற்கவில்லை.

வங்கிப் பாடம் மலிவாகக் கிடைத்ததில்லை. 1906 அக்டோபர் 22 அன்று சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி கதவை மூடியது. ஓய்வூதியக்காரர், வக்கீல், கோவில் தர்மகர்த்தா, விதவை என்று ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு அதில் இருந்தது. அரசாங்கம் கை கொடுக்கவில்லை. அப்படி ஒரு கடமை இருப்பதாக அந்தக் காலத்தில் யாரும் நினைக்கவும் இல்லை. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் சிறை கிடைத்தது. அந்தக் கசப்பிலிருந்து, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியில், 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி பிறந்தது. சரிவுக்குப் பிறகு புதியது முளைக்கும் என்று சொல்பவர்கள் இதை உதாரணம் காட்டலாம். ஆனால் முளைத்த வங்கி ஒன்றும் மூழ்கிய டெபாசிட்டைத் திருப்பித் தரவில்லை.

1960 ஆகஸ்டில் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டபோது நிலைமை மாறிவிட்டிருந்தது. இப்போது டெபாசிட்தாரர்கள் வாக்காளர்களும் ஆகிவிட்டார்கள். கூச்சல் நாடாளுமன்றம்வரை போனது. அதன் விளைவு இரண்டு. 1962 ஜனவரி முதல் டெபாசிட் காப்பீடு வந்தது. அன்று ஆளுக்கு 1,500 ரூபாய், இன்று 5 லட்சம். இன்னொன்று, நலிந்த வங்கியை வேறொரு வங்கியோடு கட்டாயமாக இணைக்க வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு கூர்மையாக்கப்பட்டது. லட்சுமி விலாஸ் வங்கியின் பத்து நாள் கதை இந்தப் பிரிவின் கீழ் நடந்ததுதான். சேமித்தவர் தப்ப வேண்டும், பங்கு வைத்தவர் நட்டத்தை ஏற்க வேண்டும் என்ற வரிசை அங்கே முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. சிறு பங்குதாரருக்கு அது கடுமை என்பது உண்மை. கடன் கொடுக்கும் முடிவுகளில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை. இருந்தும், லாபம் வந்த ஆண்டுகளில் ஈவுத்தொகை வாங்கியவர், நட்டத்தைப் பொதுக் கஜானாவின் மேல் இறக்கிவைக்க முடியாது என்பதுதான் பங்கு என்ற ஏற்பாட்டின் அடிப்படை ஒப்பந்தம்.

இனி ஆலைகள்.

கோயம்புத்தூரின் முதல் பஞ்சாலை 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முன்னின்று தொடங்கிய கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில். ஊர்க்காரர்களுக்கு அது ஸ்டேன்ஸ் மில். 1930களில் பைகாரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. ஆலைச் சங்கின் கணக்கில் ஊர் எழுந்து, உண்டு, உறங்கியது. 1960களில் அவற்றில் பல தள்ளாடின. தள்ளாட்டத்துக்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. பஞ்சு விலை ஏறி இறங்கியது. விசைத்தறிக்கு வரியில் கிடைத்த சலுகை, நூற்பும் நெசவும் சேர்ந்து செய்த பெரிய ஆலைகளுக்குக் கிடைக்கவில்லை. ஏழைகளுக்கான மலிவு விலைத் துணியை நட்டத்துக்கு நெய்து தர வேண்டும் என்ற கட்டளையும் 1964 முதல் இருந்தது. இவற்றோடு, லாபம் வந்த காலத்தில் அதை இயந்திரத்தில் போடாமல் வேறு தொழிலுக்கும் வேறு சொத்துக்கும் கடத்திய முதலாளிகளும் இருந்தார்கள். நாற்பது வருடத்துப் பழைய கதிர்களை ஓட்டிக்கொண்டே, மின்கட்டணத்தையும் பிஎஃப் பணத்தையும் பாக்கி வைத்து, ஒரு நாள் கதவடைப்பு என்று பலகை மாட்டினார்கள்.

1951ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி, ஒழுங்குமுறை) சட்டத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. மோசமாக நடத்தப்படும் ஆலையின் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்தவற்றை நடத்த 1968இல் தேசிய பஞ்சாலைக் கழகம், என்.டி.சி., உருவானது. 1972இல் மேலும் பல ஆலைகளின் நிர்வாகம் அரசிடம் வந்தது. 1974இல் 103 ஆலைகள் ஒரே சட்டத்தில் தேசியமயமாயின. மும்பையில் தத்தா சாமந்த் தலைமையில் 1982 ஜனவரியில் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1983இல் இன்னும் 13 ஆலைகளின் நிர்வாகம் கைமாறியது. கோவையில் ஸ்டேன்ஸ் மில், பங்கஜா, கம்போடியா, ரங்கவிலாஸ், முருகன் என்று பழைய பெயர்கள் பலவும் என்.டி.சி. பலகைக்குக் கீழ் வந்தன.

அந்த நேரத்தில் இது தவறான முடிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலையிழந்தவருக்கு ஒரு ரூபாய்கூட உதவித்தொகை இல்லாத நாட்டில், ஆலை மூடியதும் அடுத்த மாத வாடகைக்கு வழியில்லை. தொழிற்சங்கமும் சட்டமன்ற உறுப்பினரும் கதவைத் திறக்கச் சொன்னது இயல்பு. கேள்வி, திறந்த பிறகு என்ன செய்தார்கள் என்பது.

நூலின் அடக்க விலையில் பாதிக்கு மேல் பஞ்சின் விலை. எந்த நாளில், என்ன விலைக்கு, எத்தனை பொதி வாங்குவது என்ற முடிவில்தான் நூற்பாலை பிழைப்பதும் சாவதும். தனியார் ஆலைக்காரர் தொலைபேசியில் அரை மணியில் முடிப்பதை அரசு ஆலை டெண்டர் வைத்து, ஒப்பிட்டு, ஒப்புதல் வாங்கி முடிக்க வேண்டும். தணிக்கைக்குப் பயந்த அதிகாரிக்கு விலை ஏறுவதைவிடக் கோப்பு சரியாக இருப்பதுதான் முக்கியம். அவரைக் குறை சொல்வதற்கில்லை. 1970களின் இறுதியில் தனியார் ஆலைகளின் தோளில் இருந்த மலிவுத் துணிக் கடமையும் என்.டி.சி.யின் தலைக்கு மாறியது. ஏற்கெனவே நொண்டியவனை மூட்டை தூக்கச் சொன்ன கதை. நட்டம் ஆண்டுதோறும் வந்தது. ஆண்டுதோறும் பட்ஜெட்டில் பணம் வந்தது. அதில் பெரும்பகுதி சம்பளத்துக்கும் வட்டிக்கும் போனது. இயந்திரத்தை மாற்ற மிஞ்சியது சொற்பம்.

கோவையிலேயே ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்பதுதான் இந்தக் கதையின் வேதனையான பகுதி. அதே ஊர், அதே பஞ்சு, அதே மின்வாரியம், ஒரே தெருவில் வளர்ந்த தொழிலாளிகள். 1956 முதல் சிட்ரா என்ற தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் அங்கே இருந்தது. 1962 முதல் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் நூற்பு இயந்திரங்களையே செய்து நாடெங்கும் விற்றது. அவினாசி சாலையிலும் பல்லடம் சாலையிலும் தனியார் நூற்பாலைகள் பெருகின. திருப்பூர் பின்னலாடை அவற்றின் நூலை விழுங்கியது. தொழில் நலியவில்லை. அரசு எடுத்த ஆலைகள் நலிந்தன. ஊரின் தொழிலே சாகும்போது ஒரு ஆலையைப் பிடித்து நிறுத்துவது வேறு. ஊரின் தொழில் ஓங்கும்போது ஒரு ஆலை மட்டும் ஐம்பது ஆண்டு குளுக்கோஸில் கிடப்பது வேறு.

ஹங்கேரிப் பொருளாதார அறிஞர் யானோஷ் கோர்னாய் 1980 வாக்கில் தன் நாட்டு அரசுத் தொழிற்சாலைகளைப் பார்த்து எழுதியது இங்கே அப்படியே பொருந்துகிறது. நட்டம் எவ்வளவு வந்தாலும் மேலிடம் ஈடு செய்யும் என்று தெரிந்த நிர்வாகி, தன் நேரத்தைத் தொழிற்கூடத்தில் செலவிட மாட்டார். அமைச்சக வராந்தாவில் செலவிடுவார். செலவுக்கு மேல் எல்லை ஒன்று இருக்கும், ஆனால் தொட்டால் இளகிக் கொடுக்கும். கோர்னாய் இதைச் சோசலிச நாட்டு நோயாகத்தான் முதலில் கண்டார். 2008இல் நியூயார்க் வங்கிகள் அது சோசலிச நாடுகளுக்கு மட்டும் உரியதில்லை என்று காட்டின.

இந்தியாவில் இளகலுக்குச் சட்ட வடிவமே கிடைத்தது. நலிந்த தொழில் நிறுவனங்கள் சட்டம் 1985இல் வந்தது. அதன் கீழ் 1987இல் பி.ஐ.எஃப்.ஆர். வாரியம் செயல்படத் தொடங்கியது. அதன் வாசலை ஒரு கம்பெனி மிதிக்க வேண்டுமென்றால், சேர்ந்த நட்டம் அதன் நிகர மதிப்பு முழுவதையும் தின்றிருக்க வேண்டும். காப்பாற்ற வாய்ப்பிருந்த கட்டத்தில் உள்ளே வர அனுமதி கிடையாது. உள்ளே வந்துவிட்டாலோ, 22ஆம் பிரிவு கடன்காரரின் எல்லா வழக்கையும் நிறுத்திவைத்தது. முதலாளி நாற்காலியில் இருந்தபடியே ஆண்டுக்கணக்கில் விசாரணையை இழுக்கலாம். அதற்குள் இருக்கிற கொஞ்சநஞ்சச் சொத்தும் கரைந்துவிடும். நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையை மூட அரசின் முன்அனுமதி வேண்டும் என்ற விதியும் இருந்ததால், சட்டப்படி மூடியவர்கள் குறைவு. மின்சாரம் துண்டிக்கப்பட்டு, பூட்டுத் தொங்கி, திறந்ததும் இல்லாமல் மூடியதும் இல்லாமல் கிடந்த ஆலைகள் ஏராளம். அந்த ஆலைத் தொழிலாளி வேலையிழந்தவர் பட்டியலிலும் வரமாட்டார். கிராஜுவிட்டியும் கைக்கு வராது. முதலாளி நலிந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

என்.டி.சி.யின் துணை நிறுவனங்களே 1990களில் அந்த வாரியத்தின் முன் போய் நின்றன. நலிந்தவற்றைக் காக்க வந்த கழகம் தானே நலிந்ததாக அறிவிக்கப்பட்டது. 2002 முதல் சீரமைப்புத் திட்டம் நடந்தது. பெரும்பாலான ஆலைகள் மூடப்பட்டன. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் போனார்கள். பணம் எங்கிருந்து வந்தது? நிலத்திலிருந்து. 2005இல் மும்பை டெக்ஸ்டைல் மில்ஸின் நிலத்தை டிஎல்எஃப் 702 கோடி ரூபாய்க்கு வாங்கியது. தாதரில் கோகினூர் மில்லின் மூன்றாம் பிரிவு 421 கோடிக்குப் போனது. முப்பது ஆண்டு துணி நெய்து அடையாத நிகர மதிப்பைக் கழகம் மனை விற்று அடைந்தது. 2014இல் வாரியத்தின் பட்டியலிலிருந்து வெளியேயும் வந்தது. கணக்குப் புத்தகம் குணமாயிற்று. எஞ்சிய 23 ஆலைகள் 2020 மார்ச் பொதுமுடக்கத்தில் நின்றன. கோவையின் ஐந்து, காளையார்கோவில், கமுதக்குடி என்று தமிழ்நாட்டின் ஏழும் அதில் சேர்த்தி. நாடெங்கும் தொழில்கள் திறந்த பின்னும் அவை பழையபடி ஓடவில்லை. தொழிலாளிகள் பாதிச் சம்பளத்துக்காகப் போராடிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு நடுவே ஒரு சின்னத் திட்டம் வந்து போனது. அதைப் பற்றி இன்று பேசுபவர் குறைவு. 1985 ஜவுளிக் கொள்கை, தேறாத ஆலை மூடப்படட்டும், தொழிலாளியைக் கவனிப்போம் என்று முதன்முறையாக வெளிப்படையாகச் சொன்னது. 1986 செப்டம்பரில் ஜவுளித் தொழிலாளர் மறுவாழ்வு நிதி தொடங்கியது. மூடிய தனியார் ஆலையின் தொழிலாளிக்கு முதல் ஆண்டு சம்பளத்தில் 75 விழுக்காடு, இரண்டாம் ஆண்டு 50, மூன்றாம் ஆண்டு 25. மூன்று ஆண்டில் அவர் வேறு வேலைக்குப் பழக வேண்டும் என்பது கணக்கு. யோசனை பொன்னானது. நடைமுறையில், ஆலை முறைப்படி முழுமையாக மூடப்பட்டிருக்க வேண்டும் என்று நிபந்தனை இருந்தது. முறைப்படி மூடுவதுதான் இந்த நாட்டில் நடக்காத காரியம் ஆயிற்றே! பூட்டிக் கிடக்கும் ஆலையின் தொழிலாளி, மூடியதற்கான தாளுக்காகக் காத்திருந்தார். கழகத்தின் ஆலைகளுக்குக் கொட்டிய பணத்தில் ஒரு பங்கை இந்த நிதியில் போட்டு, நிபந்தனையைத் தளர்த்தியிருந்தால், ஒரு தலைமுறைத் தொழிலாளிகள் நாற்பது வயதிலேயே திருப்பூருக்கோ, பம்புசெட் பட்டறைக்கோ, சொந்தக் கடைக்கோ நகர்ந்திருப்பார்கள். ஆலை என்ற முகவரியைக் காப்பாற்றியதால், அவர்கள் ஐம்பத்தைந்து வயதில் விருப்ப ஓய்வுப் பணத்தோடு வெளியே வந்தார்கள்.

அரசுக்குக் காப்பாற்றத் தெரியாது என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம். 2009 ஜனவரியில் ஹைதராபாதில் நடந்ததைப் பாருங்கள். ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் பொய் இருப்பதாகக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். புலியின் மேல் ஏறியவன் இறங்கத் தெரியாமல் தவித்தது போன்ற நிலை என்றும் அதில் எழுதியிருந்தார். அன்று ஒரே நாளில் பங்கு விலையில் முக்கால் பங்குக்கு மேல் போயிற்று. 50,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெரிய வாடிக்கையாளர்கள். மென்பொருள் கம்பெனியில் சொத்து என்பது மனிதர்கள்தான். வாடிக்கையாளர் ஒப்பந்தத்தை முறித்தால் மூன்று மாதத்தில் காலி மேசைகள் மிஞ்சும்.

மத்திய அரசு இரண்டு நாளில் பழைய இயக்குநர் குழுவைக் கலைத்தது. தீபக் பாரேக், கிரண் கார்னிக், சி. அச்சுதன் மூவரை ஜனவரி 11 அன்று நியமித்தது. சில நாளில் தருண் தாஸ், சென்னைப் பட்டயக் கணக்கர் டி.என். மனோகரன், எல்ஐசியின் எஸ். பாலகிருஷ்ணன் ஆகியோரைச் சேர்த்தது. கஜானாவிலிருந்து பணம் கேட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை. வங்கிகளிடம் 600 கோடி ரூபாய் கடனுக்கு ஏற்பாடு செய்து சம்பளம் கொடுத்தார்கள். பழைய கணக்கே பொய் என்பதால், வாங்க வருபவருக்குக் காட்டக்கூட நம்பகமான ஐந்தொகை இல்லை. அப்படியிருந்தும் ஏலத்தை நடத்தினார்கள். ஏப்ரல் 13 அன்று டெக் மகிந்திரா பங்குக்கு 58 ரூபாய் கொடுத்து வென்றது. அடுத்த விலை எல் அண்டு டியின் 45 ரூபாய் 90 காசு. நூறு நாளுக்குள் முடிந்த வேலை. ராஜு சிறைக்குப் போனார். ஊழியர்களில் பெரும்பாலோர் தங்கள் இடத்தில் நிலைத்தார்கள்.

சத்யத்துக்கும் ஆலைகளுக்கும் என்ன வேறுபாடு? சத்யத்தின் தொழில் உயிரோடு இருந்தது. செத்தது அதன் மேலிருந்த நம்பிக்கை. நம்பிக்கையை மீட்க அரசால் முடியும். நல்ல பெயருள்ள ஆறு பேரை உட்காரவைப்பது சில சமயம் ஆறாயிரம் கோடியைவிட வேலை செய்யும். நூல் விற்று லாபம் பார்க்கும் திறனை அரசாணையால் உண்டாக்க முடியாது. இன்னொன்று, சத்யத்தில் முதல் நாளே முதலாளி வெளியே போனார், வாங்குபவரைத் தேடுவதுதான் வேலை என்பதும் முதல் நாளே தெரிந்திருந்தது. அதிகாரிகள் அதை நடத்திப் பார்க்க ஆசைப்படவில்லை.

அதே ஆண்டு அமெரிக்கா ஜெனரல் மோட்டார்ஸைத் தாங்கிப் பிடித்தது. அங்கே கோடிக்கணக்கில் டாலர் போனது. 2013 டிசம்பரில் கடைசிப் பங்கை விற்றபோது அரசுக்குச் சுமார் 1,100 கோடி டாலர் நட்டம். ஆனாலும் தலைமை அதிகாரி ரிக் வேகனரை வெளியேற்றி, கம்பெனியைத் திவால் நீதிமன்றத்தின் வழியாக நாற்பது நாளில் கொண்டுபோய், பழைய பங்குகளை வெறும் காகிதமாக்கி, பான்டியாக், சாட்டர்ன் என்ற கார் வகைகளையே முடித்துவைத்தார்கள். உதிரிபாகம் செய்யும் ஆயிரக்கணக்கான சிறு தொழிற்சாலைகள் ஒரே நேரத்தில் விழாமல் தடுத்ததற்கு அந்த நட்டம் கூலி என்று வாதிடலாம். நான் அந்தக் கட்சி. 2008இல் வங்கி முதலாளிகளுக்கு அதே அமெரிக்கா காட்டிய தாராளத்துக்கு அப்படி வாதிட எனக்குத் தெரியவில்லை.

தாமதத்துக்கு என்ன விலை என்பதற்கு ஏர் இந்தியா போதும். 2012இல் சுமார் 30,000 கோடி ரூபாயை ஆண்டுவாரியாகக் கொடுக்கும் திட்டம் போட்டார்கள். 2018இல் 76 விழுக்காட்டை விற்கப் பார்த்தபோது ஒருவரும் வரவில்லை. 2021 ஆகஸ்ட் முடிவில் கடன் 61,562 கோடி. டாட்டா அதில் 15,300 கோடியை ஏற்று, 2,700 கோடியை ரொக்கமாகக் கொடுத்தது. 46,262 கோடி அரசின் தலையில் நின்றது. அந்த விமானத்தில் ஒருமுறைகூட ஏறாதவர்களும் அதைக் கட்டுகிறார்கள்.

பெரியவர்களைப் பற்றி மட்டுமே பேசுவதிலும் ஓர் அநீதி இருக்கிறது. பீளமேட்டில் நான்கு லேத் வைத்து ஜாப் ஒர்க் செய்பவர் நொடிந்தால் அமைச்சரவை கூடாது. 2020இல் ஒரே ஒருமுறை அவரை அரசு கணக்கில் எடுத்தது. அவசரக் கடன் உத்தரவாதத் திட்டத்தில், ஏற்கெனவே வாங்கியிருந்த கடனில் 20 விழுக்காட்டை அடமானம் இல்லாமல் கூடுதலாக வாங்கலாம். திருப்பவில்லையென்றால் வங்கிக்கு அரசு முழுப் பொறுப்பு. 3 லட்சம் கோடியில் தொடங்கி 5 லட்சம் கோடிவரை அந்த வரம்பு விரிந்தது. வங்கிக் கடனே இல்லாமல் கந்துவட்டியில் தொழில் செய்தவருக்கு அது எட்டவில்லை என்பது பெரிய ஓட்டை. இருந்தாலும் அதை உதவி என்று சொல்வதைவிட இழப்பீடு என்று சொல்வது பொருத்தம். பொதுமுடக்கத்தில் கடையை மூடச் சொன்னது அரசு. அரசின் ஆணையால் நின்ற தொழிலுக்கும், தன் முட்டாள்தனத்தால் நின்ற தொழிலுக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது.

திவால் சட்டம் 2016இல் வந்து பழைய நலிவுச் சட்டத்தை மாற்றியது. கடன் கட்டாத முதலாளி நாற்காலியை இழப்பார் என்ற பயம் அதனால்தான் இந்தியத் தொழில் வட்டாரத்தில் முதல்முறையாக நுழைந்தது. அடுத்த ஆண்டு சேர்த்த 29-ஏ பிரிவு, தள்ளுபடி விலையில் அதே முதலாளி பின்வாசல் வழியாக வாங்குவதையும் தடுத்தது. சட்டத்தில் சொன்ன கெடுவுக்குள் வழக்குகள் முடிவதில்லை, கடன் கொடுத்தவர்களுக்குக் கேட்டதில் மூன்றில் ஒரு பங்களவே கிடைக்கிறது. குறைகள் நிறைய. ஆனால் திசை சரி.

அந்தத் திசைக்கு நேர் எதிரே போனது வோடஃபோன் ஐடியா. 2019 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் தொலைபேசி நிறுவனங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய வருவாய்ப் பங்கைக் கணக்கிடும் முறையில் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் பாக்கி 58,000 கோடியைத் தாண்டியது. 2021 ஜூனில் குமார் மங்கலம் பிர்லா, தன் பங்கை அரசிடமோ அரசு சொல்லும் யாரிடமோ ஒப்படைக்கத் தயார் என்று எழுதினார். நிறுவனம் மூழ்கினால் சந்தையில் இரண்டே தனியார் மிஞ்சுவார்கள். சுமார் 20 கோடி இணைப்புகள் அவர்களிடம் போய், கட்டணம் அவர்கள் வைத்ததே சட்டமாகும். இதைத் தடுக்க வேண்டும் என்ற வாதத்தில் பொருள் இருக்கிறது. அரசு முதலில் நான்கு ஆண்டு தவணை விடுப்பு கொடுத்தது. 2023இல் வட்டிப் பாக்கி 16,133 கோடியைப் பங்காக மாற்றிக்கொண்டது. 2025இல் மேலும் 36,950 கோடி, பங்கு ஒன்றுக்கு 10 ரூபாய் வீதம். சந்தையில் அப்போது விலை 7 ரூபாய்க்கும் கீழே. சட்டப்படி முகமதிப்புக்குக் குறைத்துப் பங்கு வெளியிட முடியாது என்பது அதற்குக் காரணம். அரசின் பங்கு 48.99 விழுக்காடு ஆனது. தோற்றுநர்கள் இருவருடைய பங்கும் சேர்ந்து சுமார் 26.

இப்போது அரசு இந்த நிறுவனத்துக்கு உரிமம் தருகிறது, அலைக்கற்றை விற்கிறது, கடன் கொடுத்திருக்கிறது, பாதிப் பங்கும் வைத்திருக்கிறது. இதே சந்தையில் 2019 முதல் மூன்று தொகுப்புகளாக 3 லட்சம் கோடிக்கு மேல் ஒதுக்கித் தாங்கிய பிஎஸ்என்எல்லுக்கும் அதுவே முதலாளி. பங்கு 51 விழுக்காட்டைத் தொட்டிருந்தால் வோடஃபோன் ஐடியா சட்டப்படி அரசு நிறுவனம் ஆகியிருக்கும்; தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் உள்ளே வந்திருப்பார், நாடாளுமன்றக் குழு கேள்வி கேட்டிருக்கும். 48.99இல் நின்றதால் அது தனியார் நிறுவனமாகவே தொடர்ந்தது. நிர்வாகமும் பழைய கையிலேயே இருந்தது. அரசின் பணம் எந்த ஆண்டு, எந்த வழியில், யாருக்கு விற்று வெளியேறும் என்று பங்கை எடுத்துக்கொண்டபோது அறிவிக்கவில்லை. சத்யத்தில் அந்தக் கேள்விக்கு ஜனவரியிலேயே பதில் இருந்தது. அங்கே போட்டதோ ஒரு ரூபாயும் இல்லை.